இரண்டு ஊர் மாத்திரை

1. என் ஆள் அவள் பந்தலில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெசிந்தா நடத்திய முதியோர் மருத்துவ முகாமுக்கு நான் உளவு பார்க்கத்தான் போனேன். வெளியே சொன்ன காரணம், பி.பி. மிஷின் ஒன்று கடன் வாங்க வேண்டும் என்பது. அவள் பந்தல் எவ்வளவு பெரிது, கூட்டம் எப்படி, டீயோடு என்ன கொடுக்கிறாள் என்று பார்க்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

நாங்கள் இருவரும் ஒரே நர்ஸிங் பள்ளியில் படித்தவர்கள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செக்டர் நர்ஸ், நான் இராஜபாளையம் பக்கம். கிராமச் செவிலியர்களை மேற்பார்வை பார்ப்பதும், பி.பி., சுகர் உள்ள வயதானவர்களுக்கு வீடு தேடி மாத்திரை போய்ச் சேர்கிறதா என்று கவனிப்பதும் எங்கள் வேலை. வேலை ஒன்று, சம்பளம் ஒன்று. ஆனால் மாதாந்திர மீட்டிங்கில் டி.டி. சார், அதாவது எங்கள் துணை இயக்குநர், "ஜெசிந்தா சிஸ்டர் எப்படிப் பண்ணிருக்காங்கன்னு போய்ப் பாருங்க" என்று சொல்லாத மாதம் கிடையாது. அவள் தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை பிடிக்காது.

அந்த வருடம் போட்டியும் சேர்ந்துகொண்டது. இனி வரும் காலத்தில் நம் பக்கம் வயதானவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விடுவார்கள், அதற்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது டி.டி. சாரின் எண்ணம். பகல் நேரப் பராமரிப்பு மையம், அதை ஒட்டித் தங்கும் அறைகள், வாரம் ஒருமுறை டாக்டர், மூட்டு வலிக்குப் பிசியோதெரபி. எல்லாம் நல்லதுதான். ஆனால் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு மையம்.

"எங்க தேவை அதிகம்னு சர்வே எடுத்து ப்ரொபோசல் குடுங்க. யாருது நல்லா இருக்கோ அந்த ஊருக்கு" என்று சொல்லிவிட்டார்.

நான் வெயில் பார்க்காமல் அலைந்தேன். மில் தெருக்கள், சோழபுரம், தேவதானம் வரை ஒரு வீடு விடவில்லை. அப்படிக் கிடைத்தவர்தான் தங்கையா ஐயா. நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். ஸ்பின்னிங் மிஷின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. மூத்த மகன் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் வீடு ஒற்றை அறை. வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், அதுதான் ஐயாவின் இடம். இவரைப் போன்றவர்களுக்காகவே மையம் இராஜபாளையத்தில் அமைய வேண்டும் என்று என் ப்ரொபோசலின் முதல் பக்கத்திலேயே அவரைப் பற்றி எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

அந்தத் தங்கையா ஐயா ஜெசிந்தாவின் பந்தலில், முதல் வரிசையில், சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஜெசிந்தாவைப் பந்தல் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, கூட்டம் காட்டணும்னா ஒன் ஊர்ல ஆளு இல்லையா? எங்க ஊரு ஆளை எதுக்குட்டி இழுத்துட்டு வந்த?"

"எந்த ஆளு?"

"தங்கையா ஐயா. அந்தா, பச்சைத் துண்டு."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அவிய எங்க ஊரு. நம்ம போலீஸ்காரன் மாரிமுத்தோட அப்பா. என் ப்ரொபோசல்ல மொத ஆளே அவியதான்."

"என் ப்ரொபோசல்லயும் அவியதான்ட்டி மொத ஆளு!"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம். நான் சொல்ல அடுத்த வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் முதல் வரிசையில் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது.

2. மடியில் இருந்த இரண்டு அட்டை

தங்கையா ஐயா சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, வாய் குழறிக்கொண்டு தரையில் கிடந்தார். விரலில் குத்திச் சுகர் மிஷினில் பார்த்தாள் ஜெசிந்தா. சுகர் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விழுங்குகிற நினைவு இருந்ததால் டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். நான் தலையைத் தாங்கிக்கொண்டேன், அவள் டம்ளரைப் பிடித்தாள். கண் தெளிந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

"ஐயா, காலைல என்ன மாத்திரை போட்டீக?" என்று அவர் காதருகே கத்தினேன்.

வேட்டி மடியிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார். ஒன்று வெள்ளை மாத்திரை, ஒன்று மஞ்சள்.

"இது அந்த ஊரு மாத்திரை. இது இந்த ஊரு மாத்திரை."

இரண்டும் ஒரே சுகர் மாத்திரை. கம்பெனிதான் வேறு. வெள்ளை என் ஆட்கள் கொடுத்தது, மஞ்சள் ஜெசிந்தாவின் ஆட்கள் கொடுத்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்யா! எதுக்கு ரெண்டையும் போட்டீக?"

"தாயி, நான் முறைச் சோறு திங்கிறவன். ஒரு மாசம் பெரியவன் வீடு, ஒரு மாசம் சின்னவன் வீடு. ஒரு வீட்டுல குடுக்கத இன்னொரு வீட்டுல வேண்டாம்னு சொல்லப்பிடாது, பேச்சு வந்துரும். ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் அக்கறையாத்தான குடுக்கிறீக? எதைப் போட, எதை விட?"

எங்கள் பக்கம் இது புதிதில்லை. பாகம் பிரிக்கும்போதே பெற்றவர்களுக்கும் முறை வைத்துவிடுவார்கள். தமிழ் மாதம் பிறந்தால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் பிறந்த ஊரிலேயே பார்த்ததுதான். ஆனால் சர்வேக்குப் போகையில் "இப்ப எங்க இருக்கீக" என்று மட்டும்தான் கேட்டேன். அவரும் அந்த மாதம் இருந்த வீட்டைச் சொன்னார். ஜெசிந்தாவிடமும் அப்படித்தான். ஆள் இல்லாத மாதத்தில் இரண்டு ஊரிலும் மாத்திரையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். மருமகள்களும் ஒழுங்காக எடுத்து வைத்தார்கள்.

"ஆச்சி எங்கய்யா இருக்காவ?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"பேச்சியா? நான் இங்க இருந்தா அவ அங்க. நான் அங்க போனா அவ இங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா வைக்க எந்த வீட்டுல எடம் இருக்கு? ஒண்ணாந்தேதி பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிடுவோம். அவ எறங்குவா, நான் ஏறுவேன்."

ஜெசிந்தா டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். ஐயா என் கையைப் பிடித்தார்.

"நீ இராசவாளையந்தான போற தாயி? பேச்சியப் பாத்தா நான் விழுந்தத சொல்லிராத. சுண்டல் குடுத்தாவ, நல்லா இருக்காருன்னு சொல்லு."

சொன்னேன். பேச்சியம்மாள் என்னை நம்பவில்லை. "அவருக்குச் சுண்டலே சேராது. என்ன ஆச்சு, உண்மையச் சொல்லு" என்றாள். அந்தக் கேள்வியில் இருந்த உரிமையைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் என்றைக்காவது இப்படிக் கேட்டுக்கொண்டோமா? மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்கிற இந்த இருவரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. என் சுபாவம் அப்படி.

மையம் வரப்போவதைப் பற்றிச் சொல்லி, ஆண்கள் பகுதி ஒரு புறம், பெண்கள் பகுதி ஒரு புறம் என்று என் பிளானை விரித்துக் காட்டினேன். பேச்சியம்மாள் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அங்கயும் அவிய ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா? இதுக்கு எதுக்கும்மா அம்புட்டு செலவு? பஸ் ஸ்டாண்டே போதுமே."

3. மீட்டிங்

அதன் பிறகு நானும் ஜெசிந்தாவும் வேறு வழியில்லாமல் சேர்ந்து ஃபீல்டுக்குப் போனோம். பார்க்கிற தெருவில் எல்லாம் முறைச் சோற்றுக்காரர்கள் இருந்தார்கள். சிலருக்கு மாத்திரை இரட்டிப்பு. சிலருக்கு எந்த ஊரிலும் இல்லை, ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் விட்டுப்போனவர்கள். இரண்டு ப்ரொபோசலும் ஒரே ஆட்களை ஆளுக்கொரு தடவை எண்ணியிருந்தன.

மீட்டிங்கில் இதை நான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

"சார், இதக் கண்டுபிடிச்சது வசந்தாதான். அவ அன்னைக்கு என் முகாமுக்கு வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தனித்தனி வார்டு வேண்டாம், ஜோடியா தங்க ரூம் வேணும்னு சொன்னதும் அவதான்."

பெயர் என்னுடையது, கைதட்டல் அவளுக்கு. "பாத்தீங்களா, அடுத்தவங்களுக்கு எப்படி கிரெடிட் குடுக்குறாங்கன்னு. இதத்தான் நான் எல்லாரும் கத்துக்கணும்னு சொல்றேன்" என்றார் டி.டி. சார். தாராள மனசிலும் அவளே முதலில் வந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முடிவு இப்படி வந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே கார்டு, அது ஆளோடு போகும். எந்த ஊரில் முறையோ அந்த ஊரில்தான் மாத்திரை. மையத்தில் இரண்டு கட்டில் போட்ட அறைகள். எல்லாம் நான் கேட்டதுதான். இடம் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே ஒரு குடும்பம் மனை கொடுக்க முன்வந்துவிட்டது. திறப்பு விழாவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கையா ஐயாவும் பேச்சியம்மாளும் முதல் அறைக்கு வந்தார்கள். மகன்கள் முதலில் முகம் சுளித்தார்கள், ஊர் என்ன சொல்லும் என்றார்கள். "ஊரு எங்கள பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்டுத்தானடா இருந்துச்சு" என்று பேச்சியம்மாள் கேட்டதும் அடங்கிவிட்டார்கள்.

4. எனக்கு ஒரு அறை

ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது சர்வே எடுக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் எங்கே இருப்பீர்கள், யாரோடு இருக்க ஆசை என்றும் கேளுங்கள். கட்டிடம் அதற்குப் பிறகு.

அடுத்தவருக்குச் சொன்னது எனக்கே வரும் என்று நினைக்கவில்லை. போன பொங்கலுக்கு மூத்தவன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். "அம்மா, உங்க முட்டிக்கு மாடிப்படி ஆகாது. நீங்க எங்ககூட வந்துருங்க. அப்பா தம்பிகூட சென்னைல இருக்கட்டும். பொறவு மாத்திக்கலாம்." பாசமாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"எந்த பஸ் ஸ்டாண்டுலட்டி பாத்துக்கிடுவோம்?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் வீட்டில் வந்து பொருமிய கதைகளை எல்லாம் இந்த மனிதர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனால் மையத்தைப் பார்த்துக்கொள்வது இன்னும் அவள்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், அவளிடமா?

"ஏட்டி, ரெண்டு கட்டில் ரூம் ஒண்ணு வேணும்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கும் அவருக்கும்."

கேலி செய்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேலி செய்யவில்லை. அவள் வீட்டுக்காரர், நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இறந்துபோனவர். எனக்கு அது தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"தோட்டத்துப் பக்கம் ஒண்ணு காலியாகுது, வந்து பாரு" என்றாள். அதோடு விடாமல், "சர்வீஸ் பூரா ஒன்னப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல்ட்டி. சாயங்காலம் ஆனா நீ அவரு வண்டில பின்னால உக்காந்து போயிருவ. நான் மீட்டிங் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிப்பேன்" என்றாள்.

அவள் வாயிலிருந்து இதைக் கேட்க நான் எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன்! கேட்டபோது துளிகூட இனிக்கவில்லை.

"பக்கத்து ரூம் காலியானா நீ எடுத்துக்கோட்டி" என்றேன்.

"எதுக்கு, தெனமும் சண்டை போடவா?"

"பின்ன? அங்க போயி வேற யாருகூடப் போட?"

"சரி, பாப்பம்" என்றாள்.