விதைநெல் மாதிரி கொடுத்த ஃபிளாப்பி

என் அக்கா வீட்டுக்காரரை இன்றுவரை என்னால் முழுசாகக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். மனுஷர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அல்லவா செய்தார்!

எண்பதுகளின் கடைசி. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். இடம் பிடித்துக் கொடுத்தவர் அத்தான். போலகத்தில் நெல் விவசாயம் செய்துகொண்டிருந்தார். அவர் ஊர் விவசாயிகள் சங்கத்தில், யார் எந்த ரக விதைநெல் வாங்கினார்கள் என்று பதிந்து, தமிழிலேயே சீட்டு அடித்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். சம்பா விதைப்பு நெருங்கிவிட்டது. எல்லாவற்றையும் நானே எழுத நேரமில்லை. இரண்டு இடத்தில் கேட்டு வாங்கி ஒட்டவைத்தேன்.

பதிந்து தேடும் பகுதி, பாண்டிச்சேரியில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று புரோகிராமின் தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அதோடு எதைச் சேர்த்து யாருக்குக் கொடுத்தாலும், எழுதிய வரிகள் அத்தனையையும் கூடவே கொடுக்க வேண்டும். எதையும் மூடி வைக்கக் கூடாது.

பிரிண்டரில் தமிழ் எழுத்து விழ வைக்கும் பகுதி என் தோழியுடையது. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில்தான் அப்பா அம்மா, படிக்கிற தம்பி என்று வீடே ஓடியது. "ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் தரேன். நீ ஓட்டிக்கோ. ஆனா உள்ள இருக்கற வரியை யார் கண்ணுலயும் காட்டிடாதடி. வெளிய போச்சு, என் வேலை போச்சு" என்றாள். அந்தப் பகுதியின் முதல் வரியிலேயே அவள் பெயரும் கம்பெனி பெயரும் இருந்தன.

இரண்டும் என் மெஷினுக்குள் இருக்கிறவரை சண்டையில்லை. சங்கத்துக்காரர்கள் என்னிடம் வந்து சீட்டு அடித்துக்கொண்டு போனார்கள். புரோகிராமையே வெளியே கொடுத்தால்தான் வம்பு. வரிகளோடு கொடுத்தால் தோழிக்குத் துரோகம். வரிகளை மறைத்து, ஓட மட்டும் செய்கிற மாதிரி மூடிக் கொடுத்தால் சாருக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேர் சொன்னதும் நியாயம். சேர்த்து வைத்தால் எனக்குத்தான் கழுத்தில் கத்தி.

அந்த நேரம் பார்த்துத் திருமலைராயன்பட்டினம் பக்கத்துச் சங்கச் செயலாளர் வந்தார். தமிழில் அடித்த சீட்டைப் பார்த்து அசந்துவிட்டார். அவர்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். புரோகிராம் வேண்டும் என்றார். தமிழ் எழுத்துப் பகுதியை நானே புதிதாக எழுதிவிட்டுத் தருகிறேன், தை முடியட்டுங்க என்றேன். கூட உட்கார்ந்திருந்த அத்தானுக்கு முகமே தொங்கிப் போயிற்று. செயலாளர் படியிறங்கியதும் அத்தான் ஆரம்பித்தார்.

"என்னம்மா இது? வாசல் தேடி வந்து கேக்குறாங்க, வெறுங்கையா அனுப்புறியே."

"இல்லைன்னா சொன்னேன்? இப்ப முடியாதுன்னேன் அத்தான். அதுல பாதி என்னோடது இல்ல."

"எங்க வீட்டுல விதை கேட்டு வந்தவங்கள எங்கப்பா காலத்துலேர்ந்து திருப்பி அனுப்புனதில்ல. விதைநெல்லாச்சும் குடுத்தா குதிருல குறையும். இது அப்படியேதானே இருக்கப் போவுது? உங்க சாரே மூடி வைக்காதன்னுதானே எழுதியிருக்காரு?"

அவர் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியும். நாற்று அழுகிப்போனவர் யாராக இருந்தாலும், பேச்சு வார்த்தை இல்லாதவராகவே இருந்தாலும், வந்து கேட்டால் விதை உண்டு. அறுவடை முடிந்ததும் அதே ரகத்தில் திருப்பிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறைய. தோழியின் வேலையைப் பற்றி நான் எடுத்துச் சொன்னேன். "நம்ம ஊருலேர்ந்து மெட்ராஸுக்கு யாரு போயி சொல்லப் போறாங்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு கல்யாணத்துக்காக நான் கும்பகோணம் போயிருந்தேன். சென்டர் சாவி அத்தானிடம் இருந்தது. சென்டரில் என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம் சொல்லி ஃபிளாப்பியில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வந்ததும் அவரே சந்தோஷமாகச் சொன்னார்:

"உங்க சாரு சொன்ன மாதிரியே குடுத்துட்டேம்மா. ஒரு வரி விடாம. எதையும் மூடல."

"அய்யோ அத்தான், குடியைக் கெடுத்தீங்களே!" என்று கத்திவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கையோடு அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செயலாளர் எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். ஃபிளாப்பி நாகப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் விற்கிற அவர் மச்சானிடம் போயிருந்தது. "நல்ல பொருளாச்சேம்மா, நாலு பேருக்குப் பயன்படட்டுமேன்னு குடுத்தேன்" என்றார். அவர்மேலும் கோபப்பட முடியவில்லை. எனக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே தர்மப் பிரபுக்கள்!

அந்த மச்சான், இதே மாதிரி இன்னொன்று செய்து தரக் கேட்டு, ஃபிளாப்பியை மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார். எத்தனையோ கம்பெனி இருக்க, அது என் தோழியின் கம்பெனி. திறந்து பார்த்தால் மேலேயே அவள் பெயர். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்குப் போன் வந்தது. "வேலை போயிடுச்சுடி. நீ குடுத்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா அங்க யாருகிட்ட போயி அதைச் சொல்றது?" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பாண்டிச்சேரிக்குப் போய் சாரிடம் சொன்னேன். "உங்க அத்தான் நான் எழுதினபடிதான் செஞ்சிருக்கார். ஆனா என் பங்குக்குத்தானே நான் அனுமதி தர முடியும்? அந்தப் பொண்ணோடதுக்கு நான் யார்?" என்றார்.

தை அறுவடை முடிந்தது. அத்தான் ஒரு காலை வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். தோளில் ஒரு சாக்குப் பை. களத்தில் தானே நின்று தூற்றி, காயவைத்துப் பொறுக்கிய விதைநெல். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு அழைச்சிட்டுப் போம்மா" என்றார். இது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் கேட்கவில்லை.

மெட்ராஸில் அவள் வீடு, மூன்று குடித்தனத்துக்கு ஒரே வாசல் உள்ள ஒண்டுக் குடித்தனம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தம்பி காலேஜை நிறுத்திவிட்டு ஒரு கடையில் நின்றான். அவள் அம்மா எங்களுக்குக் காபி கொடுத்தார். அத்தான் உட்காரவே இல்லை. பையை அவள் முன்னால் வைத்தார்.

"தப்பு என்னோடதுதாம்மா. உன் பொருள எடுத்து ஊருக்குக் குடுத்துட்டேன். எங்ககிட்ட இருக்கறதுல நல்ல விதை இது. எடுத்துக்கம்மா."

அவள் பையைப் பிரித்து ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"நல்ல நெல்லுண்ணே. ஆனா எங்களுக்கு நிலம் கிடையாதே. இதை நாங்க எங்க போயி விதைக்கிறது?"

அத்தான் அந்தச் சின்ன அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பையை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது காரைக்கால் வரைக்கும் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.