கபோ குசினியிலை ஒரு யப்பான் சத்திரம்

ஞானசேகரம் ஸ்ஃபெர்ராகவால்லோ எண்ட கடற்கரை ஊரிலை ஒரு மீன் சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவுறவர். ஆனால் ஆர் கேட்டாலும் "நான் எழுத்தாளன்" எண்டுதான் சொல்லுவார். இஞ்சத்தைய எங்கடை தமிழ்ச் சங்கத்தின்ரை ஆண்டுவிழா நாடகம் எப்பவும் அவற்றை கைதான். போன வருசம் கதாநாயகி அரை மணித்தியாலம் அழுதழுது பேச, சனம் எழும்பி ரோல்ஸ் வாங்கப் போட்டுது. தலைவர் அந்தோனிமுத்து அண்ணை முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்: "தம்பி, இந்த முறையும் சனம் எழும்பினால் இதுதான் உம்மடை கடைசி நாடகம்." மனிசன் சோறு தண்ணியில்லாமல் திரிஞ்சார். எனக்கே பாவமாக் கிடந்தது.

பேந்து ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார். பழைய யப்பான் படங்களுக்குக் கதை வசனம் எழுதின சிலபேர் ஒரு சத்திரத்திலை கூடியிருந்து, ஒரே காட்சியை ஆளாளுக்குத் தனித்தனியா எழுதி, அதிலை திறமானதை எடுப்பினமாம்.

"பவளக்கா, நாங்களும் அப்பிடிச் செய்வம்!" எண்டார் என்னட்டை.

சத்திரத்துக்கு எங்கை போறது? கபோ சந்தைத் தெருவிலை இருக்கிற அவையின்ரை வீட்டுக் குசினிதான். கீழை சந்தையிலை மீன்காரன் கத்த, மேலை நான், அவர், அவற்றை மனிசி நிசாந்தி, ஆளுக்கொரு மூலை. காட்சி இதுதான்: மனிசி புருசனை விட்டிட்டுப் போறாள்.

அவர் எட்டுப் பக்கம் எழுதினார். நான் ரெண்டு பக்கம், முழுக்க ஏச்சு. புருசன்மாரை ஏசக் கிடைச்ச சந்தர்ப்பத்தை விடுவனே? நிசாந்தியின்ரை தாளிலை ஒரேயொரு வரி. பையைத் தூக்கிக்கொண்டு "நான் போறன்" எண்டு சொல்லுறாள்.

"உதென்னப்பா, உவ்வளவுதானோ?" எண்டு சிரிச்சவர், டக்கெண்டு வாயை மூடினார். எங்கடை ஆக்கள் சந்தைக்குப் போனாலும் "போட்டு வாறன்" எண்டெல்லோ சொல்லுறது. வெறும் "போறன்" எண்டால் இனி வரமாட்டன் எண்டுதான் அர்த்தம்.

"நிசா, உண்மையா ஒண்டும் இல்லைத்தானே?"

"விசரே உங்களுக்கு? நாடகத்தைப் பாருங்கோ!"

அந்த ஒரு வரிதான் மேடைக்கு எண்டு தன்ரை எட்டுப் பக்கத்தையும் கிழிச்சுப் போட்டார். கிழிக்கேக்கை அவற்றை முகத்தைப் பாக்கேலாது.

விழாவிலை அவர்தான் புருசன், அவள்தான் மனிசி. நிசாந்தி பையைத் தூக்கினாள்.

"நான் போறன்."

சனம் எழும்புதோ எண்டு நான் எட்டிப் பாத்தன். அப்பதான் முன்வரிசையிலை ஒராள் எழும்பினார். பாத்தால் அந்தோனிமுத்து அண்ணை! கண்ணெல்லாம் தண்ணி.

"ஐயோ பிள்ளை, போட்டு வாறன் எண்டு சொல்லம்மா!"

அவள் அப்பிடியே நிண்டாள். அண்ணையைப் பாத்தாள், புருசனைப் பாத்தாள்.

"போட்டு வாறனப்பா" எண்டாள் புருசனிட்டை.

சோகநாடகம் கவிண்டுது. சனம் விசிலடிச்சுக் கைதட்டிச்சுது. ஞானசேகரத்துக்கு அடுத்த வசனம் மறந்துபோச்சு. "கெதியா வாரும்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, மேடையெண்டும் பாராமல் விக்கி விக்கி அழுதார்.