ஏழு நாள் வண்டிக் கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் நான் சாலைத் துறையில் இளநிலைப் பொறியாளர். ஆனேக்கல் பக்கத்துக் கிளைச் சாலை ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஆறு கிலோமீட்டர், சாலைக்கு அடியில் தண்ணீர் போக நான்கு மோரிகள், நூற்றுப் பதினேழு பள்ளங்கள். பள்ளங்களை நடந்தே எண்ணினேன். மூன்றாவது மோரி ஒரு பக்கம் அமுங்கியதால் பஸ் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. சாலைக் கோடியில் இருந்த ஊரின் பெண்கள், பூக்கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள்.

ஒரு சாலைக்குப் பணம் ஒதுக்குமுன் அதில் போகும் வண்டிகளை எண்ண வேண்டும் என்பது துறையின் முறை. ஏழு நாள் ஓரிடத்தில் உட்கார்ந்து படிவத்தில் கோடு போட வேண்டும். கணக்கு குறைந்தால் சாலை துறையின் கையைவிட்டுப் பஞ்சாயத்துக்குப் போய்விடும். பஞ்சாயத்திடம் ரோலர் வாடகைக்கே பணம் கிடையாது. சாலை கெட்டதால் வண்டி வரவில்லை, வண்டி வராததால் பணம் வராது. இது சரியா என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

முதல் இரண்டு நாளில் முப்பத்தொரு வண்டிகள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குள் பதினாறு டிராக்டர்கள் போயின. பதினாறும் ஒரே டிராக்டர்தான். பின்னால் டிரெய்லர் காலி.

ஓட்டுநர் என் அருகில் நிறுத்தினார். "சார், எண்ணிட்டீங்களா? விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க, இன்னொரு ரவுண்டு வரேன்."

"எத்தனை வாட்டிய்யா வருவே?"

"ஊரே சேர்ந்து டீசல் போட்டிருக்கு சார். சனிக்கெழம வரைக்கும் தாங்கும்."

உடனிருந்த கேங் மேஸ்திரி, சாலை வேலையாட்களின் தலைவர், சிரித்தார். "வண்டி போனா கோடு போடுங்க சார். மூஞ்சியப் பாத்துப் போடணும்னா சொல்லியிருக்கு?"

"நாளைக்கு மேலிடத்துல கேட்டா?"

"கேக்கட்டும். அதுக்கு இப்பவே ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

படிவத்தை நான்கு முறை படித்தேன். கடந்த வண்டிகள் எத்தனை என்று மட்டுமே கேட்டிருந்தது. கோடு போட்டேன். ஏழாம் நாள் மாலை, எல்லாரும் மழை, வெயில் என்று எழுதும் குறிப்புக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'டிராக்டர் நடைகளில் பெரும்பாலானவை ஒரே டிராக்டர். மோரி அமுங்கிப் பஸ் நின்றுவிட்டதால் ஊரார் இப்படிச் செய்கிறார்கள். பூக்கூடையுடன் நடந்த பெண்கள் ஏழு நாளில் இருநூற்று அறுபத்தாறு. இவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை.'

மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். "கெடுத்தீங்க சார்," என்றார். அன்று என்னோடு டீ குடிக்க வரவில்லை.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா இது, டிராக்டரா தேரா? ஒரே எடத்துல சுத்தியிருக்கு!" பிறகு குறிப்பை மறுபடி படித்தார். "அதெல்லாம் கழிச்சா கணக்கு பத்தாது. ரோடு பஞ்சாயத்துக்குத்தான். ஆனா மோரி அமுங்கினது எழுத்துல வந்துடுச்சு. நாளைக்கு அது இடிஞ்சு எவனாவது செத்தா நம்ம ரெண்டு பேரும் கோர்ட்ல நிக்கணும். மோரிய மட்டும் ரிப்பேர்ல போடறேன்."

மோரி மாறியது. சாலை, பள்ளங்களோடு, பஞ்சாயத்துக்குப் போனது.

பஸ் மறுபடி ஓடிய முதல் நாள் மேஸ்திரியும் நானும் போய்ப் பார்த்தோம். பெண்கள் கூடைகளைப் பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தாரும் வந்திருக்கும் சார்," என்றார் மேஸ்திரி. "நீங்க பேனாவ மூடியிருந்தா."

நான் மறுக்கவில்லை.