மோட்டார் சைக்கிளில் ஒரு செம்மறித் தோல்

போன சனிக்கிழமையும் கிளிநொச்சிக்குப் போய் வந்தேன். சுன்னாகத்தில் இருந்து, மோட்டார் சைக்கிளில். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். என் இடுப்பும் அதைத்தான் கேட்கிறது...

போகாமல் இருக்க முடியாது. அண்ணர் அங்கே பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். வீடு வெகு உள்ளே. பஸ் இறக்கிவிடும் இடத்தில் இருந்து வெயிலில் நடக்க என்னால் ஏலாது.

ஆனையிறவு தாண்டும்போதே கால் விறைத்துவிடும். இதைப் போனில் புலம்பப் போக, மெல்பேர்னில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு பார்சல் அனுப்பிவிட்டான். செம்மறி ஆட்டுத்தோல் — அடர்ந்த வெள்ளை ரோமத்தோடு. மோட்டார் சைக்கிள் சீற்றின் மேல் விரித்துக் கட்டுவது. அங்கே தூரப் பயணம் ஓடுகிறவர்கள் இதைத்தான் போடுகிறார்களாம்.

அதற்கு முந்திய சனிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பெற்றோல் அடித்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "உது கடிக்குமோ அண்ணை?" என்றார். கேட்கட்டும். அன்றைக்குத்தான் நடுவழியில் இறங்கி நிற்காமல் போய்ச் சேர்ந்தேன். வியர்வை இல்லை, எரிவு இல்லை.

பெருமை தாங்காமல் தோலைக் கழற்றிக்கொண்டு போய் அண்ணரிடம் காட்டினேன். அவர் இடக்கையால் மெல்லத் தடவினார். நாள் முழுக்கப் படுத்திருக்கிற மனிதர் — இவருக்கல்லவா இது வேண்டும்? முதுகுக்குக் கீழே விரிக்கட்டுமா என்று கேட்டேன்.

அண்ணர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தனக்கு ஆஸ்பத்திரிக் காற்று மெத்தை இருக்கிறது என்று காட்டினார். பிறகு கட்டிலின் பக்கத்தில் கையை நீட்டினார். வெறும் சிமெந்துத் தரையில் ஒரு பாய் கிடந்தது.

"உதை இவளுக்கு விரி." வாய் கோணித்தான் சொல் வந்தது. "நான் கூப்பிடக் கூப்பிட எழும்பி... இவள் படுக்கிறதே இல்லை."

இவள் என்பது அண்ணரின் மனைவி, என் மச்சாள். கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்றார். தம்பிதான் தூரம் ஓடுகிறவர், தனக்கு எதற்கு என்று மறுத்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

நோயாளியைப் பார்க்கப் போகிற நாமெல்லாம் நோயாளியைத்தான் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கிறவரை யார் பார்க்கிறோம்?

தோலைப் பாயில் விரித்துவிட்டு வெறும் சீற்றில் திரும்பினேன். வலி பத்திரமாகக் கூடவே வந்தது.

போன சனிக்கிழமை போனபோது, பட்டப்பகலில் மச்சாள் அந்தத் தோலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணர் விழித்திருந்தார். உதடு காய்ந்து கிடந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார்.

"எழுப்பாதை. நித்திரை கொள்ளட்டும்."

நானே கரண்டியால் தண்ணீர் பருக்கினேன்.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளை அந்தக் குறுகிய ஒழுங்கையின் முனைவரை உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினேன்.