யார் சொன்ன ஆஃப்?

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது, மோட்டார் கட்டத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டார்களைத் தூக்கி, பிரித்து, சரிபண்ணி இறக்குவதுதான் என் பிழைப்பு. இது ராத்திரி நடந்ததும் இல்லை. பட்டப்பகல். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடம். தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். அதற்கும் கீழே கழிவுநீர்த் தொட்டி. நாற்பது வீட்டுக் கக்கூஸும் அங்கேதான் வந்து சேரும். தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் அதையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். அன்று தள்ளவில்லை. கீழ்வீட்டுக் குளியலறைகளில் எல்லாம் எதிர்த்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்து சேர்வதற்குள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஆறு தடவை போன் பண்ணிவிட்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம்யா? இங்க கால் வைக்க முடியல!"

"உங்க வீட்டுச் சரக்குதானே சார். கொஞ்சம் பொறுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட வந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ரெண்டு பிள்ளைக்கு அப்பன், வேலையில் கெட்டி. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். எனக்குப் பள்ளத்தில் இறங்குவதற்கே அவன் தயவு வேண்டியிருக்கிறது.

எங்கள் தொழிலில் ரெண்டு சட்டம் உண்டு. ஒன்று, தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். சங்கிலி போட்டு மோட்டாரைத்தான் மேலே இழுக்க வேண்டும். இன்னொன்று, மோட்டாரில் கை வைக்கும் முன் போர்டுக்குப் போய், ஸ்விட்சை அணைத்து, ஃப்யூஸ் மாட்டிய பீஸ் கட்டையைப் பிடுங்கி, நம் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பை கனத்தால்தான் கை உள்ளே போகலாம். அடுத்தவன் வாயால் சொல்லும் "ஆஃப்" கணக்கில் சேராது.

அன்று நான் முதல் சட்டத்தைக் காப்பாற்றினேன். ரெண்டாவதைக் காற்றில் விட்டேன். மோட்டார்தான் செத்துக் கிடக்கிறதே என்று அணைக்காமலே ரெண்டு பேரும் இழுத்து மேலே போட்டோம். போர்டு இருக்கும் அறை ரெண்டு தளம் மேலே. எனக்கு முழங்கால் வலி.

"மாப்ளே, நீ போய் ஆஃப் பண்ணு. பீஸைப் பிடுங்கிட்டு, படிக்கட்டுலருந்து ஒரு சத்தம் கொடு. இங்க போன் எடுக்காது."

"சரி மாமா."

அவன் படியேறினான். மணி பார்த்தேன். 2.10.

தனியாக அந்த மோட்டாரோடு உட்கார்ந்தேன். சாக்கடை மோட்டார்க்காரனுக்கு என்ன அருவருப்பு என்று கேட்பீர்கள். உண்டு ஐயா, நிறைய உண்டு. கையுறை போட்டாலும் அந்த வழவழப்பு தெரியும். மோட்டார் முழுக்கக் கறுப்புக் கூழ். அதில் துணிக்கிழிசல், ஊறிப்போன பஞ்சு, நெளியும் வெள்ளைப் புழு. கெட்டுப்போன முட்டை நாற்றம். வாய்க்குக் கட்டிய துணியையும் தாண்டி நாக்கில் ஒட்டியது.

அடியில் இருக்கும் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், அசையவே இல்லை. முடி. கொத்துக் கொத்தாக முடி சுற்றி இறுகியிருந்தது.

தொட்டிக்குள் 'பொளக்' என்று ஒரு குமிழி உடைந்தது.

"ஆஃப்பா?" என்று கத்தினேன்.

"ஆஃப்."

உடனே பதில். கையை உள்ளே விட்டு, முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன். ஒரு முழம் வந்தது. ரெண்டு முழம்... இன்னும் வந்துகொண்டே இருந்தது. நாற்பது வீட்டுப் பெண்களும் தலைவாரி இதற்குள்தான் போடுகிறார்களா என்று வாய்விட்டுத் திட்டினேன்.

அப்போதுதான் மணி பார்த்தேன். 2.12.

ரெண்டு நிமிடத்தில் ரெண்டு தளம் ஏறி, அணைத்து, பீஸைப் பிடுங்கி, திரும்பப் படிக்கட்டுக்கு வந்து... எப்படி?

சுறுசுறுப்பாக ஓடியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி இழுத்தேன். முடி சூடாக இருந்தது. மோட்டார் சூடு என்று நினைத்தேன். ஆனால் மோட்டார் அதற்குள் ஆறிப்போயிருந்தது. முடி மட்டும்... உயிருள்ள தலையிலிருந்து வருகிற மாதிரி வெதுவெதுப்பு.

சீ! கையை உதறினேன்.

பொளக்.

இந்த முறை சத்தம் பக்கத்தில்.

சக்கரத்தின் அடியில் கடைசிச் சிக்கு இருந்தது. அதை எடுக்க விரல் ஐந்தையும் இதழ்களுக்கு நடுவில் விட வேண்டும். மனசு ஒப்பவில்லை. இன்னொரு தடவை கேட்டேன்.

"ஆஃப்பா?"

பொளக்... பொளக்...

"ஆஃப்ணே."

விரலை விட்டேன்.

ஒரு நொடி.

என் மச்சினன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். பதினோரு வருடமாக. ஒரு தடவைகூட அண்ணே என்றது கிடையாது.

படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை.

குரல் படிக்கட்டிலிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது... தொட்டி வாயிலிருந்து.

"ஆஃப்ணே... கைய விடுங்க..."

பிடரியில் சூடான மூச்சு. அந்த நாற்றம்.

கையைப் பிடுங்கினேன்.

ட்ர்ர்ர்ர்ர்ர்!

மோட்டார் ஓடியது. தரையில் கிடந்து துள்ளியது. இருந்த கூழெல்லாம் என் மேல் அடித்தது. கண்ணில், மூக்கில், துணி நழுவியிருந்த வாயில். நாற்பது வீட்டு மலம் என் நாக்கில்.

மல்லாக்க விழுந்தேன். கத்தவும் முடியவில்லை, வாயைத் திறந்தால் உள்ளே போகும்.

மணி 2.17.

எழுந்து ஓடினேன். பாதிப் படியில் மச்சினன் எதிரே வந்தான். என்னைப் பார்த்து மிரண்டுபோய் நின்றான்.

"மாமா! என்ன மாமா இது? போர்டு ரூம் பூட்டிக் கிடக்கு. வாட்ச்மேன் சாவியோட சாப்பிடப் போயிட்டாராம். இன்னும் ஆஃப் பண்ணல, கை வச்சுடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"நீ... சத்தம் கொடுக்கலயா?"

"வாயே தொறக்கல மாமா."

விரல்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மோட்டார் ஓடியதற்குக் காரணம் உண்டு. அடைப்பால் சூடாகித் தானாக நின்ற மோட்டார், ஆறியதும் தானாக ஓடும். நிரம்பிய தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட் அதை ஓடச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பேய் வேண்டாம், என் சோம்பேறித்தனம் போதும். அந்தக் குரலுக்குத்தான் என்னிடம் காரணம் இல்லை.

குழாயடியில் நின்று அரை மணி நேரம் வாயைக் கழுவினேன். அதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஆஃப்னு கேட்டுச்சா?"

அவர்தான் சொன்னார். ஐந்து மாதம் முன்னால், இதே மத்தியான நேரத்தில், அதே மோட்டாருக்கு வேறு மெக்கானிக் வந்திருக்கிறார். அண்ணனும் தம்பியுமாக ரெண்டு பேர். அண்ணன் கீழே, தம்பி மேலே. அண்ணன் கை வைத்ததும் மோட்டார் ஓடி, கரண்ட்டும் அடித்து, அங்கேயே முடிந்துபோனார். தம்பி அழுது புரண்டிருக்கிறான். நான் ஆஃப்னு சொல்லவே இல்ல, பூட்டுன கதவுகிட்டதான் நின்னேன் என்று. யாரும் நம்பவில்லை. காரை எடுக்க வந்த ரெண்டு பேர் காதாரக் கேட்டிருக்கிறார்கள், "ஆஃப்ணே" என்று. அண்ணி அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டாளாம்.

"அந்த மோட்டாரை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது, அந்தக் கூழை விழுங்கியதைவிட அருவருப்பாக இருந்தது.

பதிமூன்றாம் நாள் விலாசம் கேட்டுப் போனேன். ஒற்றை அறை வீடு. நாற்பது வயது ஆள், கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நாற்காலி போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

நான் எழுந்தபோதுதான் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே... அது என் குரலாண்ணே?"



அதே குரல்.

அதே இழுப்பு. அந்த 'ண்ணே'கூட அப்படியே.

"இல்லப்பா," என்றேன். "வேற யாரோ."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கை வெதுவெதுப்பாக இருந்தது. எப்படியோ விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி வாசல் வரை வந்து கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. அஞ்சு மாசமா இவர் வாயே தொறக்கல. முழிச்சுக்கிட்டு இருக்கும்போது பேசினது இன்னிக்குத்தான்."

"முழிச்சுக்கிட்டு இருக்கும்போதுன்னா?"

"மத்தியானம் தூங்குவார்ண்ணே. தினமும் ரெண்டேகால் வாக்குல, தூக்கத்துலயே யாருக்கோ பதில் சொல்வார். ஒரே வார்த்தை."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. தெருமுனை வரை வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.