கண்டம் விற்கிறவர்

சுவரில் தொங்கும் ஆப்பிரிக்கப் படத்தில் சீப்பின் நுனியால் சகாராவைத் தொட்டுக் காட்டிவிட்டு, அதே சீப்பால் காதோர முடியை ஒதுக்கிக்கொள்கிறார். அடுத்த நொடி சீப்பு நைல் நதியில் இறங்குகிறது. “இங்க பிரமிடு, இங்க சிங்கம், இங்க நீர்வீழ்ச்சி. எல்லாம் ஒரே ரவுண்டு சார். கண்ண மூடிட்டு ஏறுங்க!”

ஐம்பத்துச் சொச்சம் நாடுகளை ஒரே மூச்சில் ஒரு தெருவாகச் சுருக்கிவிடுவார்.

கீழே செருப்புக்கடை, மேலே இவருடைய டிராவல்ஸ். வாசலில் அட்டையில் செய்த ஒட்டகச்சிவிங்கி. கூரை இடித்ததால் கழுத்தில் பாதியை வெட்டி ஒட்டியிருக்கிறார். கழுதை மாதிரி இருக்கிறதே என்றால், “குட்டிங்க அது” என்பார்.

ஆப்பிரிக்காவுக்கு இவர் போனதில்லை. விமான நிலையத்தில் வழியனுப்புகிறவர்கள் நிற்கும் கம்பியைத் தாண்டியதே இல்லை. ஆனாலும் அந்த ஊர் மனிதர்களைப் பற்றி வாய் ஓயாது. “எல்லாருக்கும் ஒரே பாஷைதான். ஆப்பிரிக்கன்!” என்று அடித்துச் சொல்வார். “ஒரு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் பேசுங்களேன்” என்றார் மனைவி. “டாக்டர் என்ன, எல்லா வியாதியும் தனக்கு வந்தப்புறமா வைத்தியம் பாக்குறாரு?” என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டார்.

போன மாதம் தையல்கார அம்மாள் ஒருத்தி வந்தாள். மகள் ஆப்பிரிக்காவில் டக்கார் நகரத்தில் நிறைமாதமாக இருக்கிறாள்; பிரசவத்துக்குள் போய்ச் சேரவேண்டும்.

“டக்காருக்கு ரெண்டு எடத்துல விமானம் மாறணும்மா, உங்களால முடியாது. நைரோபிக்கு நேரா போயிடலாம். ரெண்டும் ஆப்பிரிக்காதானே? எறங்கி ஒரு பஸ் புடிச்சா பொண்ணு வீட்டு வாசல். அவகிட்ட மூச்சு விடாதீங்க, திடீர்னு போய் நில்லுங்க.”

“நீங்க சொன்னா சரியாத்தான் தம்பி இருக்கும்” என்றாள் அவள். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தானே தைத்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு முந்தாநாள் விமானம் ஏறினாள். நைரோபி கிழக்கே; டக்கார் மேற்குக் கடலோரம். நடுவில் ஒரு கண்டமே குறுக்கே கிடக்கிறது.

நேற்று, புதுமணத் தம்பதிக்கு இவர் சிங்கத்தை விற்றுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

“தம்பி, இங்கேருந்து பஸ்ஸே இல்லையாம். கேட்டா சிரிக்கிறாங்க. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு மாப்ள போன் பண்ணாரு, அம்மா எங்கன்னு கேக்குறாளாம். நான் இப்ப என்ன பண்ணுவேன்?”

இவர் சுவர்ப் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். அந்த அகலம் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு கணம் சீப்பைக் குறுக்கே வைத்து அளந்து பார்த்தார். மறுகணம் கோபம் வந்தது, தன்மேல் அல்ல, அந்தக் கண்டத்தின்மேல். இத்தனை பெரிதாக அது ஏன் கிடக்கவேண்டும்?

மறுமுனையில் விசும்பல் பலத்தது. எதிரே இருந்த புதுப்பெண்ணின் காதிலும் விழுந்து, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

இவர் கைப்பேசியை உள்ளங்கையால் பொத்தி, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: “நம்ம கஸ்டமர்தாம்மா, நைரோபிலேருந்து. சந்தோஷத்துல அழுறாங்க.”