ஜன்னலோரச் செடிக்குப் பால் ஊற்றியவர்கள்

இதை எழுத எத்தனையோ வருஷமாய்த் தயங்கினேன். சாமியைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். என் தாய்மாமா உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி எழுதக் கையும் வரவில்லை. இப்போது அவரும் இல்லை. குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கிறவன் இல்லை நான். படிப்பு கொஞ்சம்தான். பிழை இருந்தால் அது எழுத்தில்தான் இருக்கும், நடந்ததில் இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போவதற்கு முந்தின மழைக்காலத்தில் என் மனைவி அடுக்களைப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. எந்தக் கட்டுக்கும் கூடவில்லை. அதன்பிறகு அவள் எழுந்து நிற்கவே இல்லை. வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டில்தான் அவளுக்கு வீடு, தெரு, கோயில் எல்லாம். மலையில் எஸ்டேட்டில் வேலை பார்த்த அவள் தம்பி, துரை பங்களாவைக் காலி செய்தபோது விட்டுப்போன ஒரு சட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஜன்னலில் வைத்தான். பெயர் அவனுக்கும் தெரியாது.

"வெயிலு படப்பிடாதுக்கா, வெளிச்சம் மட்டும் போதும். ஒன்னைய மாதிரி வீட்டுக்குள்ளயே கெடக்கும்."

"போலே அங்க," என்று அவள் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அன்று முதல் அந்தச் செடி அவள் பொறுப்பு. படுத்தபடியே கையை நீட்டி மண்ணில் விரலைக் குத்திப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் சும்மா விடுவாள். காய்ந்திருந்தால் கிண்டிச் செம்பின் மூக்கை வேரோரம் வைத்து மெல்லத் தண்ணீர் விடுவாள். தண்ணீர் போதாமல் இலையெல்லாம் மயங்கித் தொங்குவதும், ஊற்றின சற்று நேரத்தில் எழுந்து நிற்பதும் அவளுக்குப் பெரிய அதிசயம். "இஞ்ச பாருங்கோ, எந்திரிச்சிட்டா," என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். தன்னால் முடியாததைச் செடி செய்கிறது என்ற சந்தோஷம். ஒவ்வொரு இலையாக ஈரத் துணியால் துடைத்துவிடுவாள்.

அது முதல்முதலாகப் பூத்தது ஓர் ஆவணியில். ஒரே ஒரு வெள்ளை இதழ், படமெடுத்த பாம்பு போல நிமிர்ந்து நின்றது. அதன் முன்னால் சின்னதாய் ஒரு தண்டு. எங்கள் பக்கத்தில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகருக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றுவார்கள். அப்படி ஊற்றிவிட்டு வந்த அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஜன்னலைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எங்கப்பனே, படமெடுத்துல்லா நிக்கேரு! முன்னால லிங்கம் பாத்தியாட்டி?"

நான் கன்னிப்பூ நெல் அறுப்புக்கு வயலில் நின்றேன். பின்னால் என் மனைவி சொன்னதுதான் இது. மாமா வந்தார். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"சாமி எழுந்தருளியிருக்கு. மாசத்துல மூணு நாளு தீட்டோட கெடக்கப்பட்ட பொம்பளைக்க தலமாட்டுல வச்சிருக்கேளே, குடும்பம் வெளங்குமா?"

"மாமா, அது செடியாக்கும். காலம்பற நாந்தான் இலை தொடச்சேன்."

"நீ தொட்டதுதான் தோஷம்," என்று சொல்லிச் சட்டியைத் தூக்கிப் போய்விட்டார்.

வைத்த இடம் எங்கள் வீட்டிலேயே ஜன்னல் இல்லாத சாமி அறை. நான் வயலிலிருந்து வந்தபோது மண்மேல் பால் கட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் செம்பும் கையுமாக நின்றார்கள். எடுக்கச் சொன்னேன். "ஒரு மண்டலம் கழியட்டும்லே, வாய மூடு," என்றார் மாமா. அத்தை ஒரு படி மேலே போய் இலைக்கெல்லாம் சந்தனம் அப்பினாள். துடைத்துத் துடைத்து வளர்த்த இலை அது.

கட்டிலில் கிடந்தவள் என்னிடம் தினமும் ஒன்றுதான் கேட்டாள். "இன்னைக்கு எப்பிடி நிக்கா?" நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளினாள். ஒருநாள் மூக்கைச் சுளித்து, "புளிச்ச நாத்தம் இஞ்ச வரைக்கும் வருகு. வேரு அழுகுகு. எனக்குத்தான் கேட்க நாதி இல்ல," என்றாள்.

நேரே சாமி அறைக்குப் போனேன். இலை மஞ்சளித்துப் படுத்திருந்தது. சட்டியெல்லாம் எறும்பு. தூக்கினேன்.

"லேய், தொட்டா கை வெந்து போவும்!"

"வெந்தா நான் சோறு திங்கப்பட்ட கைதானே மாமா, வேவட்டும். மூணு நாளு அவ எங்க போய் இருப்பா? எந்திரிச்சி நடப்பாளா? நம்ம அப்பன் ஒடம்புல பாதிய ஆருக்குக் குடுத்துட்டு நிக்கேரு? அந்த அம்மைக்கும் தீட்டுன்னு சொல்லுவியளா?"

மாமாவை எதிர்த்து அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அவள் மடியில் சுளகை வைத்துச் செடியைக் கவிழ்த்தேன். வேர் கறுத்துக் கூழாய் இருந்தது. அழுகினதையெல்லாம் அவளே பிச்சாத்திக் கத்தியால் அரிந்து தள்ளினாள், வாயில் ஒரு வசவு ஓயாமல். அடியில் விரல்கடை அளவுக்கு ஒரு முளை மட்டும் வெள்ளையாய் இருந்தது. அதைப் புதுமண்ணில் வைத்தாள். அது பிழைத்தது. ரொம்ப நாள் கழித்துப் பூவும் விட்டது. பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சீக்கிரம் கதவச் சாத்துங்கோ, அத்தை கண்டுரப் போறா."

எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது, தெருவில் நின்றபடி மாமா சொன்னார்: "லிங்கத்துல கை வச்சான், பெண்டாட்டியப் பறிகொடுத்தான்." ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. இன்றைக்குக் கதை வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. தீட்டுக்காரி தொட்டதால் சாமி அந்த வீட்டை விட்டு இறங்கிப் போனாராம். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கும்பிடுகிற சாமியின் பெயரைச் சொல்லியே நடக்கமாட்டாத ஒருத்தியிடமிருந்து பிடுங்கினார்கள். செத்த பிறகும் அவளை விடவில்லை.

சாமி எங்கும் போகவில்லை. அது செடி. அவள் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள், அது பூத்தது. மற்றவர்கள் பால் ஊற்றினார்கள், அது அழுகிற்று. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், நான் எழுதியபடியே சொல்லுங்கள். பாம்பு வந்தது, கனவில் சொல்லிற்று என்று எதையும் சேர்க்க வேண்டாம். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அந்த மூன்று நாள் பேச்சை விட்டுவிடவும் வேண்டாம்.